காய்ச்சல் வந்தது அவருக்கு, பொசிஷன் மாறியது எனக்கு! – வாசகர் கேள்வி-பதில்

மழைக்காலக் காய்ச்சலும் கல்லூரிப் போட்டிகளும் பல ஊர்களில் கைகோத்துத்தான் வருகின்றன. இந்த இதழுக்கு வந்த வாலிபால் கேள்விகளும் அதைச் சுற்றியே இருக்கின்றன: ஆள் படுத்துவிட்டார், பழக்கமில்லாத இடத்தில் இன்னொருவர் ஆட வேண்டும். பயிற்சியாளர் ஒருவரும் விளையாட்டு பிசியோதெரபிஸ்ட் ஒருவரும் சேர்ந்து பதில் சொல்கிறார்கள். (பொசிஷன் எண்கள்: நெட்டைப் பார்த்து நின்றால் முன்வரிசையில் இடமிருந்து வலமாக 4, 3, 2; பின்வரிசையில் 5, 6, 1.)

நான் 4-ம் பொசிஷன் அட்டாக்கர். உயரம் 5 அடி 7 அங்குலம். எங்கள் சென்டர் பிளாக்கர்களில் ஒருத்திக்கு டெங்கு, இன்னொருத்திக்கு அம்மை. போட்டிக்கு ஐந்து நாள்தான் இருக்கிறது. பி.டி. மேடம் என்னை சென்டரில் ஆடச் சொல்லிவிட்டார். ஐந்து நாளில் பழக முடியுமா?
– பி.காம். இரண்டாம் ஆண்டு மாணவி, நாமக்கல்

முழுசாக முடியாது, அதற்கு ஆசைப்படவும் வேண்டாம். சென்டர் ஆட்டத்தில் மூன்று வேலைகள் உண்டு: பிளாக்குக்கு ஓடுவது, பிளாக் முடிந்ததும் நெட்டை விட்டுப் பின்னால் வருவது, ஷார்ட் பால் (நெட்டருகே தாழ்வாக, சட்டென்று தூக்கித்தரும் பந்து) அடிப்பது. முதல் இரண்டும் கால் வேலை. ஐந்து நாளில் ஓரளவு வந்துவிடும். மூன்றாவது வேலை, அடிக்கப் பந்தைத் தூக்கிக்கொடுக்கும் செட்டரோடு மாதக்கணக்கில் பழகி வருவது. எனவே உங்கள் நேரத்தில் முக்கால் பங்கைக் காலுக்குக் கொடுங்கள்.

நெட்டிலிருந்து முழங்கை நீளம் தள்ளி நில்லுங்கள். கைகளைத் தொங்கவிடாமல் தோளுக்கு மேலே, உள்ளங்கை நெட்டைப் பார்த்தபடி வைத்திருங்கள். ஒன்றரை மீட்டருக்குள் நகர வேண்டும் என்றால் பக்கவாட்டு அடி போதும். அதற்கு மேல் என்றால் மூன்று அடிக் கணக்கு. வலப்பக்கம் போக, வலது கால் பெரிதாக ஒரு அடி, இடது கால் அதைக் குறுக்காகத் தாண்டி ஒரு அடி, வலது கால் ஊன்றி நிறுத்தம். இடப்பக்கத்துக்கு இதையே மாற்றிப் போடுங்கள். கோட்டை விடும் இடம் கடைசி அடி. ஊன்றும் கால் விரல்கள் நெட்டைப் பார்க்கத் திரும்பியிருக்க வேண்டும். பக்கவாட்டிலேயே பார்த்துக்கொண்டு குதித்தால் உடம்பு மிதந்து போய்ப் பக்கத்து பிளாக்கர் மேல் மோதும், அல்லது நெட் டச் ஆகும். கணுக்கால் பிசகுவதும் பெரும்பாலும் இப்படித்தான், இன்னொருத்தி பாதத்தின் மேல் இறங்குவதால்.

அட்டாக்கராக இருந்து பிளாக்குக்கு வருபவர்களிடம் இரண்டு பழக்கம் ஒட்டிக்கொண்டே வரும். ஒன்று, ஸ்மாஷுக்குப் போல இரண்டு கைகளையும் பின்னால் வீசிக் குதிப்பது. அந்த வீச்சு முன்னால் வந்து நெட்டில் முடியும். இரண்டு, பந்தையே பார்த்துக்கொண்டிருப்பது. பார்வை வரிசை இதுதான்: எதிரணியின் பாஸ் (செட்டருக்கு அனுப்பும் முதல் பந்து), செட்டரின் கை, பந்து கிளம்பும் திசை, பிறகு பந்தை விட்டுவிட்டு அடிப்பவரின் தோள். தோள் எங்கே திரும்புகிறதோ அங்கே உங்கள் கை.

யாரோடு குதிப்பது என்று குழம்பாமல் இருக்க ஒரே ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள். எதிரணியின் பாஸ் செட்டர் தலைக்கு நேராக, நெட்டுக்கு அருகில் போனால் அவர்கள் சென்டரோடு குதியுங்கள். பாஸ் நெட்டை விட்டு இரண்டு மீட்டருக்கு மேல் விலகினால் ஷார்ட் பால் வருவது அபூர்வம், ஓரத்துக்கு ஓடுங்கள். இதில் சில பாயின்ட் போகும், போகட்டும். ஓரத்துக்குத் தாமதமாகப் போய்ச் சேர்ந்தால் பறந்து போய்க் கையை நீட்டாதீர்கள். இருக்கும் இடத்திலேயே நேராகக் குதித்துக் கையை நெட்டுக்கு மேலே நீட்டுங்கள். இரண்டு பிளாக்கர்களுக்கு இடையில் விழும் ஓட்டை அப்போது அசையாமல் இருக்கும், பின்னால் நிற்பவள் அதில் போய் நிற்பாள். நீங்கள் மிதந்தால் ஓட்டையும் மிதக்கும், யாராலும் எடுக்க முடியாது.

தரை இறங்கியதும் பந்து போன பக்கம் திரும்பி, உங்கள் செட்டர் கைக்குப் பந்து போவதற்குள் 3 மீட்டர் கோட்டுக்கு (முன்பகுதியின் எல்லை) வந்துவிட வேண்டும். பிளாக் செய்துவிட்டு நெட்டடியில் நின்று வேடிக்கை பார்ப்பதுதான் புது சென்டரின் அடையாளம்.

அடிப்பதற்கு ஒரே ஒரு பந்தை வைத்துக்கொள்ளுங்கள். நிஜமான ஷார்ட் பாலுக்கு செட்டர் பந்தைத் தொடும்போதே நீங்கள் காற்றில் இருக்க வேண்டும். அது வேண்டாம். நெட்டுக்கு மேல் முக்கால் மீட்டர் ஏறி, செட்டருக்கு முன்னால் விழும் பந்தைக் கேளுங்கள். செட்டர் கையில் பந்து படும்போது உங்கள் கடைசி இரண்டு அடி தொடங்கினால் நேரம் சரியாக அமையும். பயிற்சி முடிந்ததும் நல்ல பாஸிலிருந்து இருபது பந்து, சுமாரான பாஸிலிருந்து பத்து பந்து அடித்துப் பாருங்கள். போட்டியில் பந்து வந்தாலும் வராவிட்டாலும் ஒவ்வொரு நல்ல பாஸுக்கும் சத்தம் போட்டுக்கொண்டு ஓடிவந்து குதியுங்கள். எதிரணி சென்டர் ஒரு நொடி உங்களிடம் நின்றுவிட்டால் 4-ல் அடிப்பவளுக்கு ஒற்றை பிளாக்தான் எதிரில் இருக்கும். உங்கள் ஆட்டத்தின் மதிப்பில் பாதி அதுதான்.

முழங்கால் பற்றி பிசியோ சொல்வது: சென்டருக்கு மாறினால் குதிக்கும் எண்ணிக்கை திடீரென்று ஏறும், முட்டிச் சில்லுக்குக் கீழே வலி தொடங்கும். கால் நகர்வைப் பத்து முறை பழகினால் மூன்று முறை மட்டும் குதியுங்கள். போட்டிக்கு முந்தைய நாள் குதிக்கவே வேண்டாம்.

உங்கள் மேடத்துக்கும் ஒரு வார்த்தை. உயரத்தை மட்டும் பார்த்து ஆள் மாற்றுவது எல்லா இடத்திலும் நடக்கிறது. 4-ல் ஆடுபவள் அடிப்பதோடு சர்வீஸ் எடுப்பவளும் (எதிரணி போடும் சர்வீஸை வாங்கி பாஸ் கொடுப்பவளும்) கூட. அவளைத் தூக்கி சென்டரில் போட்டால் பாஸ் கெடும், பாஸ் கெட்டால் சென்டருக்கே பந்து வராது. சர்வீஸ் எடுக்கும் பொறுப்பு இல்லாத யுனிவர்சலை (செட்டருக்கு எதிர்மூலை இடத்தில் ஆடி, வலப்பக்கம் அடிப்பவர்) சென்டருக்கு மாற்றிவிட்டு, 2-க்கு ஒரு ரிசர்வ் அட்டாக்கரைக் கொண்டுவருவதில் நஷ்டம் குறைவு. அதற்கு ஆளே இல்லை என்றால், உங்களையே சென்டராக ஆடவைத்து, பின்வரிசைக்குப் போகும்போது லிபரோவுக்கு (பின்வரிசையில் மட்டும் ஆடும் தடுப்பு ஆள்) பதிலாக நீங்களே நிற்கலாம். பாஸ் தெரிந்த சென்டர் என்பது எளிதில் கிடைக்காத வசதி. லிபரோவை, சர்வீஸ் எடுக்கத் தடுமாறும் இன்னொருத்திக்காக வைத்துக்கொள்ளுங்கள்.

பெரிய அணிகள் இப்படிப் பொசிஷன் மாற்றி வென்றதுண்டா, அல்லது இது கல்லூரி அணிகளின் தலைவிதி மட்டும்தானா?
– வாசகர், தென்காசி

2012 லண்டன் ஒலிம்பிக் ஆண்கள் இறுதிப் போட்டியைப் பாருங்கள். பிரேசிலிடம் 19-25, 20-25 என்று இரண்டு செட்டை இழந்திருந்தது ரஷ்யா. மூன்றாவது செட்டில் பயிற்சியாளர் விளாதிமிர் அலெக்னோ, 2.18 மீட்டர் உயர சென்டர் பிளாக்கர் திமித்ரி முசெர்ஸ்கியை யுனிவர்சல் இடத்துக்குக் கொண்டுபோனார். அங்கே ஆடிக்கொண்டிருந்த மக்சிம் மிகைலோவ் வேறு இடத்துக்கு மாறினார். மேட்ச் பாயின்ட்டுகளைத் தாண்டி 29-27, 25-22, 15-9 என்று வென்றார்கள். முசெர்ஸ்கி எடுத்தது 31 பாயின்ட். அங்கே காரணம் காய்ச்சல் இல்லை, தோல்வி. ஆனால் கவனிக்க வேண்டியது, பழகிய இடத்தை விட்டு மாறியது இரண்டே பேர். நம் கல்லூரி அணிகளில் ஒருவருக்குக் காய்ச்சல் என்றால் நான்கு பேரை மாற்றி, ஆறு பேரையும் குழப்பிவிடுகிறோம்.

செட்டருக்கு மஞ்சள் காமாலை. வேறு செட்டர் கிடையாது. எனக்கு ஃபிங்கர் (தலைக்கு மேல் விரல்களால் பந்தைத் தள்ளுவது) நன்றாக வரும் என்பதால் என்னை லிஃப்ட் (அட்டாக்கர் அடிக்கப் பந்தைத் தூக்கிக்கொடுப்பது) போடச் சொல்கிறார்கள். நான் யுனிவர்சல். என்ன முறையில் ஆடினால் தப்பிக்கலாம்?
– பொறியியல் மாணவர், விருதுநகர்

ஃபிங்கர் ஓரளவு வரும் இன்னொருவர் அணியில் இருக்கிறாரா? இருந்தால் 5-1 முறையை (ஐந்து அட்டாக்கர், ஒரே செட்டர்) விட்டுவிட்டு 4-2 (நான்கு அட்டாக்கர், இரண்டு செட்டர்) ஆடுங்கள். இரண்டு செட்டர்களும் ரொட்டேஷனில் (சர்வீஸ் திரும்பக் கிடைக்கும்போது ஆறு பேரும் ஒவ்வோர் இடமாக நகரும் சுற்று) நேரெதிராக நிற்க வேண்டும், ஒருவர் 2-ல் என்றால் மற்றவர் 5-ல். முன்வரிசைக்கு வருபவர்தான் லிஃப்ட் போடுவார். பின்வரிசையிலிருந்து ஓடிவரும் தொல்லை இல்லை, பின்வரிசை செட்டர் செய்யும் தவறுகளும் இல்லை. முன்னால் அட்டாக்கர் இரண்டு பேர்தான் இருப்பார்கள் என்பது குறை. பள்ளி ஆட்டம் என்று சிலர் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். மூன்று அட்டாக்கர் இருந்தும் லிஃப்ட் வராவிட்டால் என்ன பயன்?

நீங்கள் ஒருவரே என்றால் 5-1 தான். நிற்கும் இடம், வலப்பக்கக் கோட்டிலிருந்து இரண்டரை முதல் மூன்று மீட்டர் உள்ளே. வலது தோள் நெட் பக்கம், வலது கால் சற்று முன்னால், முகம் 4-ஐப் பார்த்து. இரண்டே இரண்டு பந்துதான் போட வேண்டும்: 4-க்கு உயரம், 2-க்குப் பின்பக்கமாக உயரம். நெட்டுக்கு மேல் இரண்டு மூன்று மீட்டர் ஏறி, நெட்டிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி, ஆன்டெனாவுக்கு (நெட்டின் ஓரத்தில் நிற்கும் குச்சி) அரை மீட்டர் உள்ளே இறங்கட்டும். நெட்டை ஒட்டிய லிஃப்ட் பார்க்க அழகு, பிளாக்கருக்குத்தான் லாபம். தள்ளி விழும் பந்தை அட்டாக்கர் எப்படியாவது சமாளிப்பார்.

டபுள் டச் (பந்து இரண்டு கையிலும் ஒன்றன்பின் ஒன்றாகப் படுவது) எதனால் விசில் வாங்குகிறது? கால் நிற்பதற்குள் கை போவதால். நெற்றிக்கு மேலே பந்து வந்து, இரண்டு காலும் ஊன்றியிருந்தால் மட்டும் ஃபிங்கர். ஓடிக்கொண்டே எட்டிப் பிடிக்கும் நிலை என்றால் தயங்காமல் அண்டர்ஹேண்டில் 4-க்கு உயர்த்திவிடுங்கள். ஆட்டத்துக்குள் முடிவெடுக்க நேரம் இருக்காது, இதை முன்கூட்டியே தீர்மானித்துக்கொள்ளுங்கள்.

பாஸ் எடுப்பவர்களிடம் கண்டிப்பாகச் சொல்லிவையுங்கள்: "நெட்டில் ஒட்ட வேண்டாம், ஒன்றரை மீட்டர் தள்ளி, உயரமாகக் கொடு." பழைய செட்டருக்குக் கொடுத்த தாழ்வான, வேகமான பாஸ் உங்களுக்கு விஷம். அதோடு, நீங்கள் பின்வரிசையில் இருக்கும்போது நெட்டுக்கு மேலே உள்ள பந்தை முன்பகுதியிலிருந்து எதிர்ப்பக்கம் தட்டக் கூடாது. நெட்டுக்கு மேலே தூக்கிய உங்கள் கையில் எதிரணி அனுப்பும் பந்து பட்டாலும் பின்வரிசை பிளாக் என்று விசில் வரும்.

முதல் பந்தை நீங்களே எடுக்க நேர்ந்தால் இரண்டாவது யார்? பெரும்பாலான அணிகள் இதைப் பேசி வைப்பதில்லை, ஐந்து பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். லிபரோ என்று முடிவு செய்யுங்கள். ஒரு நிபந்தனை: 3 மீட்டர் கோட்டுக்கு முன்னால் நின்று லிபரோ ஃபிங்கரில் கொடுத்த பந்தை நெட்டுக்கு மேலே வைத்து யாரும் அடிக்க முடியாது. கோட்டுக்குப் பின்னால் நின்று கொடுக்கட்டும், அல்லது முன்னால் என்றால் அண்டர்ஹேண்டில் கொடுக்கட்டும்.

நான் வலது கைக்காரன், எப்போதும் 4-ல் அடிப்பவன். 2-ல் நிறுத்தினால் பந்து வெளியே போகிறது, இல்லை நெட்டில் விழுகிறது. ஏன்?
– கலைக் கல்லூரி மாணவர், காரைக்குடி

4-ல் நிற்கும்போது லிஃப்ட் வலப்பக்கமிருந்து வருகிறது, முதலில் உங்கள் வலது தோளை அடைகிறது. 2-ல் அது இடப்பக்கமிருந்து வந்து உடம்பைக் கடந்த பிறகுதான் வலது தோளுக்கு வரும். நீங்கள் அதற்குள் அவசரப்பட்டு மூக்குக்கு நேராக அடித்துவிடுகிறீர்கள். 4-ல் கோட்டுக்கு வெளியே போய்ச் சாய்வாக ஓடிவருவீர்கள். 2-ல் அது வேண்டாம், கோட்டுக்கு உள்ளே நின்று கிட்டத்தட்ட நேராக ஓடிவாருங்கள். ஓட்டத்தை அரை நொடி தாமதியுங்கள். செட்டரிடம் லிஃப்டை ஆன்டெனா வரை தள்ளாமல் ஒரு மீட்டர் உள்ளே நிறுத்தச் சொல்லுங்கள்.

ஒரு சலுகையும் இருக்கிறது. 2-லிருந்து கிராஸ் (குறுக்காக) அடித்தால் பந்து எதிரணியின் 1-ம் இடத்துக்குப் போகும். அவர்கள் செட்டர் பின்வரிசையில் இருக்கும் ரொட்டேஷன்களில் பெரும்பாலும் அங்கேதான் நிற்பார். முதல் பந்தை அவர் தொட்டால் இரண்டாவதைத் தொட முடியாது, அவர்கள் தாக்குதல் பாதி செத்தது. பலமாக அடிக்க வராவிட்டாலும் அந்த இடத்துக்கு வையுங்கள்.

பிளாக்கில் மட்டும் உஷார். உங்கள் எதிரே நிற்பவர் அவர்களுடைய முதன்மை அட்டாக்கர். வெளிப்பக்கக் கையை மைதானத்தின் உள்ளே திருப்பிவையுங்கள், இல்லாவிட்டால் உங்கள் கையில் பட்டே பந்து வெளியே போகும்.

12 பேரில் 7 பேர்தான் மிச்சம். போட்டிக்குப் போகலாமா? விதி என்ன சொல்கிறது?
– கல்லூரி விளையாட்டுத் துறை உதவியாளர், அரியலூர்

ஆறு பேர் இருந்தால் ஆடலாம். ஆட்டத்தின் நடுவில் ஒருவர் குறைந்து, விதிப்படி மாற்ற ஆளும் இல்லை என்றால் அணி முழுமையற்றது என்று அறிவிப்பார்கள். செட்டும் அதனால் போட்டியும் போய்விடும், அதுவரை எடுத்த பாயின்ட் கணக்கில் நிற்கும்.

ஏழு பேரோடு போவதென்றால் லிபரோவைப் பதிவு செய்வதா என்று ஒருமுறை யோசியுங்கள். லிபரோவாகப் பதிந்தவர் சாதாரண மாற்று வீரராக உள்ளே வர முடியாது. யாருக்காவது கணுக்கால் பிசகினால் வெளியே ஒருவர் உட்கார்ந்திருந்தும் பயனில்லாமல் போகலாம். ஏழாவது ஆளைச் சாதாரண ரிசர்வாக வைப்பதுதான் பாதுகாப்பு. எட்டுப் பேர் என்றால் லிபரோ வைத்துக்கொள்ளலாம். ஒரு செட்டுக்கு ஆறு மாற்றம் உண்டு. தொடக்க வீரர் வெளியே போனால் அதே செட்டில் ஒரே ஒருமுறை, தன் பழைய இடத்துக்கே, தனக்குப் பதில் வந்தவரை மாற்றித்தான் திரும்ப வரலாம்.

இடம் மாறிய அணிகள் அதிகம் இழப்பது ரொட்டேஷன் தவறில். எதிரணி சர்வீஸ் போடக் கை பந்தில் படும் கணத்தில் உங்கள் ஆறு பேரும் வரிசையில் இருக்க வேண்டும். ஒவ்வொருவரும் ஆறு பேரையும் பார்க்க வேண்டியதில்லை, ஒட்டிய அண்டை ஆட்களைப் பார்த்தால் போதும். 3-ல் நிற்பவருக்கு 2, 4, 6 ஆகிய மூவர். மூலையில் 4-ல் நிற்பவருக்கு 3, 5 ஆகிய இருவர். ஒரு தாளில் ஆறு ரொட்டேஷனையும் வரைந்து, இடம் மாறியவரிடம் "நீ யாருக்கு இடப்பக்கம், யாருக்கு முன்னால்" என்று மட்டும் கேளுங்கள். ஆறுக்கும் தடுமாறாமல் சொன்னால் தயார். 2025 முதலான சர்வதேச விதிகளில் சர்வீஸ் போடும் அணி எங்கே வேண்டுமானாலும் நிற்கலாம். உங்கள் போட்டியில் எந்தப் பதிப்பு என்று நடுவரிடம் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

எனக்கு அவசரத்துக்கு லிபரோ சட்டை கொடுத்துவிட்டார்கள். எதையெல்லாம் செய்யக் கூடாது?
– மாணவி, ஊட்டி

சர்வதேச விதிப்படி சர்வீஸ் போடக் கூடாது, பிளாக்குக்கு முயலவே கூடாது, நெட் விளிம்புக்கு மேலே முழுதாக இருக்கும் பந்தை எங்கிருந்தும் எதிர்ப்பக்கம் அடிக்கக் கூடாது. முன்பகுதி ஃபிங்கர் விஷயம் மேலே சொன்னதுதான். உள்ளே போவதும் வருவதும் மாற்றக் கணக்கில் சேராது, ஆனால் ஒரு முறைக்கும் அடுத்த முறைக்கும் நடுவே ஒரு ரேலி (ஒரு பாயின்ட்டுக்கான ஆட்டம்) முடிந்திருக்க வேண்டும். மற்றபடி, அட்டாக்கராக இருந்தவர்கள் லிபரோவானதும் நிமிர்ந்தே நிற்பார்கள். இடுப்பை இறக்குங்கள். "எனது" என்று முதலில் கத்துவதும் உங்கள் வேலை.

மகளுக்கு 101 டிகிரி காய்ச்சல். மாத்திரை போட்டால் இறங்குகிறது. "நான் போகாவிட்டால் டீமே இல்லை" என்று அழுகிறாள். அனுப்பலாமா?
– ஒரு தாய், மதுரை

கூடாது அம்மா. மாத்திரை காய்ச்சலைத்தான் இறக்குகிறது, நோயை இல்லை. வைரஸ் காய்ச்சலோடு கடுமையாக ஆடினால் இதயத் தசையில் அழற்சி வரும் அபாயம் உண்டு. டெங்கு என்றால் இன்னும் எச்சரிக்கை தேவை, அதில் காய்ச்சல் விடும் நாட்கள்தான் ஆபத்தான கட்டம். "ஜுரம் விட்டுவிட்டதே" என்று மைதானத்துக்கு அனுப்புவது அதனால்தான் தவறாகிறது. டெங்கு சந்தேகம் இருக்கும்வரை ஐபுப்ரோஃபென், ஆஸ்பிரின் போன்ற வலி மாத்திரைகள் கூடாது, ரத்தக் கசிவுக்கு இடம் கொடுக்கும். டாக்டரிடம் காட்டி ரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள்.

அம்மை என்றால் எல்லாக் கொப்புளமும் பொருக்குத் தட்டும்வரை தொற்றும். தடிப்பு தெரிவதற்கு ஓரிரு நாள் முன்பே பரவத் தொடங்கிவிடுவதால், அறைத் தோழிகளை மூன்று வாரம் கவனிக்க வேண்டும். மெட்ராஸ் ஐ வந்தவர் துண்டைத் தனியாக வைத்துக்கொள்ளட்டும், கண்ணைத் தொட்ட கையோடு பந்தைத் தொட வேண்டாம். ஒரே தண்ணீர் பாட்டிலை அணி முழுதும் வாய் வைத்துக் குடிக்கும் பழக்கத்தை இந்தச் சாக்கிலாவது நிறுத்துங்கள்.

திரும்பி வரும்போது, மாத்திரை இல்லாமல் ஒரு முழு நாள் காய்ச்சல் இல்லாதிருக்க வேண்டும். பிறகு முதல் நாள் நடை, அடுத்த நாள் லேசான ஓட்டமும் பந்து கை பழகுவதும், அதற்கடுத்துதான் குதிப்பது. மூச்சு வாங்கினாலோ நெஞ்சு படபடத்தாலோ அன்றோடு நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள். டெங்குக்குப் பிறகு சோர்வு சில வாரம்கூட இருக்கும்.

பிளாக்குக்கு மாறியதிலிருந்து விரல் விரலாக வீங்குகிறது. மைதானத்தில் ஒரு அண்ணன் சொடுக்கு எடுத்துவிடுகிறேன் என்கிறார்…
– மாணவர், சிவகாசி

அண்ணனிடம் கையைக் கொடுக்காதீர்கள். இழுத்தால் கிழிந்த தசைநார் இன்னும் கிழியும், எலும்பில் விரிசல் இருந்தால் விலகும். ஐஸை நேரடியாக வைக்காமல் துணியில் சுற்றி 15 நிமிடம் வையுங்கள், அன்று நாலைந்து முறை. பிறகு அடிபட்ட விரலைப் பக்கத்து விரலோடு சேர்த்து, மூட்டை விட்டுவிட்டு மூட்டுக்கு மேலும் கீழும் டேப் சுற்றுங்கள். விரல் நுனி தொங்கிப்போய் தானாக நிமிராவிட்டால், விரல் கோணலாகத் தெரிந்தால், எக்ஸ்ரே எடுத்தே ஆக வேண்டும். நுனி தொங்குவதைக் கவனிக்காமல் விட்டால் அப்படியே நின்றுவிடும்.

புது பிளாக்கர்களுக்கு இது வரக் காரணம், விரலைத் தளர்வாக, முன்னால் நீட்டி வைப்பது. விரல்களை அகல விரித்து விறைப்பாக வையுங்கள், கட்டைவிரல் மேலே பார்க்கட்டும். பந்து வரும்போது கையை அதை நோக்கிக் குத்தாமல், நெட்டைத் தாண்டி நீட்டிய கையை அப்படியே நிறுத்துங்கள். மோதிரத்தைக் கழற்றி வைத்துவிட்டு இறங்குங்கள்.